அடூபே அச்சகத்தில் இறால்பொடிப் பெட்டிகள்

முதல் பெட்டி தானாகவே வாயைப் பிளந்தபோது கெஜி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசை கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைத்து ஓரமாக வைத்தாள்.

அடுத்ததும் பிளந்தது.

இன்னொன்றை எடுத்து, ஒட்டிய இடத்தை விரல் நுனியால் லேசாக நெம்பினாள். சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. பசை அட்டையில் பிடிக்காமல், காய்ந்த சோற்றுக் கஞ்சி மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது.

சுவரோரம் கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நேற்று பூராவும், பெட்டி மடிக்கக் கூலிக்கு வரும் மடிப்புப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டியவை.

"முயிவா!"

தம்பி வாயில் பல் தேய்க்கும் குச்சியோடு உள்ளே வந்தான்.

"இதைப் புடி. இழு."

"எதுக்கு?"

"இழுடான்னா இழு."

இழுத்தான். குச்சி வாயிலிருந்து கீழே விழுந்தது.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் பழகுகிறவர்களுக்கு அந்தப் பெட்டிகளின் கதை தெரியும். இன்றைக்குத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை.

லாகோஸில் எங்கள் ஷோமோலு பேட்டையில் தெருவுக்குத் தெரு அச்சகம்தான். அதில் அடூபே அச்சகம் என்றால் கல்யாணப் பத்திரிகை. 'நன்றி சொல்கிறோம்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தவள் கெஜியின் அம்மா, அச்சகத்துக்காரர் சுன்மோலாவின் மனைவி. அவள் காலமாகி வெகுநாளாகிறது. லாகோஸில் பணக்காரக் கல்யாணம் என்றால் சுன்மோலாவின் தங்க எழுத்துப் பத்திரிகை போயாக வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. அப்புறம் கல்யாண அழைப்புகள் போனிலேயே வரத் தொடங்கிவிட்டன. டாலர் ஏற ஏறக் காகிதமும் ஏறியது. பத்திரிகை அடித்த இரட்டை வண்ண மெஷின் மீது துணி போர்த்தியாயிற்று.

மகள் கெஜி வங்கியில் காசாளராக இருந்தவள். ஜனங்கள் பணத்தைப் போனிலேயே அனுப்பத் தொடங்கியதும் கிளையை மூடினார்கள். வீட்டோடு வந்து உட்கார்ந்தவள் சும்மா உட்காரவில்லை, கடைத்தெருவைச் சுற்றினாள். வெளிநாட்டுச் சரக்கின் விலை எட்டாமல் போனதால் உள்ளூர்ச் சரக்கு முளைத்துக்கொண்டிருந்தது. வாழைக்காய் வறுவல், தேன், செம்பருத்திப் பானம், மசாலாப் பொடி. எல்லாம் பாலிதீன் பையில். இதற்கெல்லாம் பெட்டி வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

இரட்டை வண்ண மெஷினை விற்று, பெட்டி வெட்டும் பஞ்சிங் மெஷினை வாங்கினாள். "உன் இஷ்டம்" என்று சொன்னவர்தான் சுன்மோலா. ஆனால் மெஷினைத் தூக்க லாரி வந்து நின்ற அன்று, "அபேயோகுட்டாவுக்குப் போறேன், உங்க அத்தை வீட்டுக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பவில்லை. போனையும் எடுப்பதில்லை.

"அப்பாவை நீதான் தொரத்திட்ட" என்று போன வாரம் முயிவா அக்காவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். அந்த வார்த்தையைச் சுற்றிக்கொண்டுதான் இருவரும் வீட்டுக்குள் நடமாடுகிறார்கள்.

இப்போது பெட்டிகள்.

"வார்னிஷ்" என்றான் முயிவா. குரல் கீழே இறங்கியிருந்தது. "பளபளப்புக்குப் பூசுற வார்னிஷ். ஒட்டுற பட்டை மேலயும் பூசியிருக்கு. அங்க பூசினா பசை புடிக்காது. அந்தப் பட்டையை மட்டும் விட்டுடணும்னு நான் தாள்ல குறிச்சுக் குடுத்திருக்கணும்."

"குறிக்கலையா?"

"பத்திரிகைக்கு வார்னிஷ் குடுத்துத்தான்க்கா எனக்குப் பழக்கம். பத்திரிகையை யாரு ஒட்டறா?"

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. அவனும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன்தான். பத்திரிகைக்குப் பூவும் புறாவும் வரைந்து கொடுத்துச் சம்பாதித்தவன். இப்போது வாடிக்கையாளர்கள் போனிடம் வாய்மொழியாகச் சொல்லி அதையே வரைய வைத்துக்கொள்கிறார்கள்.

கெஜி ஒரு காகிதக் கட்டின் மீது உட்கார்ந்தாள். சாயங்காலம் எபியேரே மேடத்தின் லாரி தலைநகர் அபூஜாவுக்குக் கிளம்புகிறது. கடலோரப் பயேல்சாக்காரி, காய்ந்த இறாலை அரைத்துப் பொடியாக்கி விற்கிறவள். அபூஜாவில் ஒரு பெரிய கடை முதன்முறையாக அவளுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறது. நாளைக் காலையில் சரக்கு அங்கே இல்லாவிட்டால் அந்தத் தட்டில் வேறு யாருடைய பொடியாவது நிற்கும்.

"அப்படியே ஏத்திடலாம்க்கா" என்றான் முயிவா. "பாதிக்கு மேல இன்னும் ஒட்டித்தான் இருக்கு. லாரி கிளம்பற வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம்... வழியில ஆட்டத்துல பிரிஞ்சிருச்சுன்னு சொல்லலாம்."

கெஜி ஒரு பெட்டியைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "முன்னாடி யார் பேரு இருக்கு? எபியேரே. அடியில படி."

"அடூபே அச்சகம், ஷோமோலு."

"பெட்டி பிரிஞ்சா ரெண்டு பேரோட பேரும்தான் கெடும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு விழும் என்று காத்திருந்தான். 'அப்பாவைத் தொரத்தினவ நான், சரி. இதைப் பண்ணினது யாரு?' என்று அவள் கேட்டிருக்கலாம். வாயில் வந்திருக்கவும் வேண்டும், ஒரு தடவை எச்சில் விழுங்கினாள்.

"யாரு பண்ணினதுன்னு நான் கேக்கலை முயிவா. என்ன பண்றதுன்னு கேக்கறேன். அந்த போன்ல தேடு. உலகத்துல நாம மட்டுமா இந்தத் தப்பைப் பண்ணியிருப்போம்?"

அவன் தேடினான். கொஞ்ச நேரத்தில் முகத்தில் உயிர் வந்தது. "இந்தா, இந்தோனேசியாக்காரன் ஒருத்தன். பட்டையை உப்புத்தாளால தேச்சு வார்னிஷை எடுக்கறான். அப்புறம் உருக்கின பசை வைக்கறான், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால. புடிச்சா விடாதாம்."

"நம்மகிட்ட துப்பாக்கி ஏது?"

அந்த நேரம் பார்த்து மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. தெரு முழுக்க ஒரே குரலில், "கரண்டை எடுத்துட்டானுங்க!" என்று அலுத்துக்கொண்டது. ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின. அடூபே அச்சகத்தின் ஜெனரேட்டர் இருமவில்லை. பெட்ரோல் விற்கும் விலையில், பஞ்சிங் மெஷினுக்கு மட்டும்தான் அதை எழுப்புவது என்று கெஜி சட்டம் போட்டிருந்தாள். இருந்த பெட்ரோல் நேற்றோடு தீர்ந்தது.

அவள் வாசலில் வந்து நின்றாள். எதிர்வரிசையில் ஒரே ஒரு கடையில் மட்டும் சத்தமும் புகையும் இல்லாமல் விளக்கு எரிந்தது. கூரையில் சூரியத் தகடுகள்.

"அக்கா, அங்கேயா? வேணாம். அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"அப்பா போனை எடுத்தாத்தானே தெரியறதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

அந்தக் கடைக்காரி இபிரோங்கே அம்மாளும் சுன்மோலாவும் பேசிக்கொண்டால் அது சண்டையாகத்தான் இருக்கும். ஒரு சர்ச் காலண்டர் வேலையை இவரிடமிருந்து அவள் பறித்தாளா, அவளிடமிருந்து இவர் பறித்தாரா என்பதில் ஆரம்பித்தது. எதிரெதிரே இருந்துகொண்டு ஒருவர் விலையை ஒருவர் வேவு பார்த்தே காலம் ஓட்டினார்கள். தேர்தல் சுவரொட்டிகளில் கொழித்தவள் இபிரோங்கே. சுவரொட்டி வேலை படுத்ததும் விருந்துகளில் கொடுக்கும் பரிசுப் பொருள்களுக்கு மாறிவிட்டாள். பேர் அச்சிட்ட குவளை, துண்டு, விசிறி.

கெஜி படியேறி, முறைப்படி மண்டியிட்டாள். "காலை வணக்கம் ஆன்ட்டி."

இபிரோங்கே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "பாபா கெஜியோட மக என் படி ஏறியிருக்கா. சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கு?" பாபா கெஜி என்றால் கெஜியின் அப்பா; பிள்ளையின் பேரை வைத்துத்தான் இங்கே பெரியவர்களைக் கூப்பிடுவார்கள்.

"உதவி கேட்டு வந்திருக்கேன்."

"அது உன் முகத்துலயே ஒட்டியிருக்கு. பெட்டிதான் ஒட்டலையாமே?"

கெஜிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதுக்குள்ள தெரிஞ்சிருச்சா?"

"'முயிவா'ன்னு நீ கத்தினது பக்கத்துப் பேட்டை பாரிகா வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் என் கடைப் பொண்ணுங்களுக்குக் காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? எழுந்திரு. என்ன வேணும், நேரா சொல்லு."

"பசை உருக்கற துப்பாக்கி. அதுக்குக் கரண்டு. உப்புத்தாள். தேய்க்க ஆளு." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தான் கேட்பது அந்த அம்மாளின் மொத்தக் கடையையும் என்று உறைத்தது. "எல்லாத்துக்கும் வாடகை குடுத்துடறேன் ஆன்ட்டி."

"வாடகையை உங்கப்பன்கிட்ட வாங்கிக்கறேன்" என்றாள் இபிரோங்கே. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏ பொண்ணுங்களா! குவளையெல்லாம் கீழ வைங்க. ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போறோம்."

அதற்கப்புறம் தெரு பார்த்த கூத்தைச் சொல்ல வேண்டும். முயிவா ஏணி மேல் நின்று இரண்டு கடைக்கும் நடுவே மின்கம்பி இழுத்தான். மஞ்சள் பஸ் கண்டக்டர் ஒருவன் தலையைக் குனிந்து, "டேய், என் கழுத்தை அறுத்து உன் அக்காவுக்குப் பெட்டியில போட்டுக் குடுக்கப் போறியா?" என்று கத்திக்கொண்டே போனான். காகிதக் கடைக்காரர் உப்புத்தாளை அப்படியே சுருளோடு கொண்டுவந்து போட்டார். மடிப்புப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் நேற்றைய உழைப்பு உதிர்ந்து கிடப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, "நேத்துப் பாடின பாட்டு சரியில்லை. இன்னிக்கு வேற பாட்டு" என்று இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

பிரிக்க வேண்டும், தேய்க்க வேண்டும், ஊத வேண்டும், ஒட்ட வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும். வார்னிஷ் தூள் காற்றில் பறந்து எல்லோருடைய புருவமும் வெளுத்தது. முயிவாவின் விரல் நுனிகள் சிவந்து, தோல் கிளம்பிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தான். யாரும் கேட்காமலே அவன் வரிசையில்தான் பெட்டிகள் அதிகமாகச் சேர்ந்தன.

மத்தியானம் அகேகே ரொட்டியும் பீன்ஸ் குழம்பும் வந்தன. யார் வரவழைத்தது என்று கெஜி கேட்டாள். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கப் போனபோது, எல்லோருடைய தலையும் வாசல் பக்கம் திரும்பியது. நிமிர்ந்தாள்.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

தோளில் அதே பை. சற்று இளைத்திருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கெஜி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். முயிவா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். முதுகெல்லாம் வெள்ளைத் தூள்.

சுன்மோலா இருவரையும் பார்த்தார். சுவரோரம் பழைய மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தார். பிரிந்து கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தார். பையை ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு காகிதக் கட்டின் மீது உட்கார்ந்து கையை நீட்டினார்.

"உப்புத்தாளைக் குடு. எந்தப் பக்கம் தேய்க்கணும்?"

"இந்தப் பட்டை மட்டும்ப்பா" என்றாள் கெஜி. "மேல பட்டா இறால் படம் போயிடும்."

"ம்." ஒன்றைத் தேய்த்துக் காட்டினார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம்ப்பா."

இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் இபிரோங்கேதான். "பாபா கெஜி, வேகமாத் தேயுங்க. என் பொண்ணுங்க உங்களைத் தாண்டிப் போயிட்டாங்க."

"உன் பொண்ணுங்களுக்கு என் வயசு வரட்டும், அப்புறம் பேசு."

"உங்க வயசுல நான் ஓடுவேன்."

"உன் நாக்கு மட்டும் ஓடும். அது எப்பவும் ஓடறதுதானே."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறொரு நாளாயிருந்தால் இது பஞ்சாயத்து வரைக்கும் போயிருக்கும். இன்றைக்கு இபிரோங்கே தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுத்துத் தின்றார்.

கடைசி வரிசைக்குப் பசை வைத்துக்கொண்டிருக்கும்போதே லாரி வந்து நின்றது. எபியேரே மேடம் கதவைத் திறந்து குதித்தாள். உயரமான பெண், குரலும் உயரம். "எங்க என் பெட்டி? எங்க என் அழகுப் பெட்டி?"

கெஜி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். "மேடம், ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"ஐயையோ. 'ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிச்சு யாரும் நல்ல சேதி சொல்லி நான் கேட்டதில்லை."

"ஒட்டுற பட்டை மேல வார்னிஷ் பட்டுடுச்சு. நேத்து ஒட்டினது எல்லாம் பிரிஞ்சிருச்சு. இன்னிக்குப் பூரா தேச்சு, வேற பசை வச்சுத் திரும்ப ஒட்டியிருக்கோம். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இனிமே பிரியாது. மீறிப் பிரிஞ்சா அத்தனையையும் புதுசா செஞ்சு தர்றது என் பொறுப்பு."

"தப்பு என்னுது மேடம்" என்று பின்னாலிருந்து முயிவாவின் குரல் வந்தது. "அக்காவுது இல்லை."

எபியேரே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பெட்டியை எடுத்தாள். லாரியிலிருந்து ஒரு பொடிப் பையை எடுத்து உள்ளே வைத்து மூடினாள். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள். லாரியின் பக்கவாட்டில் இரண்டு அடி அடித்தாள். திருப்தி வரவில்லை. டிரைவரைக் கூப்பிட்டாள்.

"இது மேல உக்காரு."

டிரைவர் தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டான். "மேடம், நான் உக்காந்தா பெட்டி தாங்குமா?"

"அதைப் பாக்கத்தானே சொல்றேன்."

உட்கார்ந்தான். தெருவே எட்டிப் பார்த்தது. எழுந்தபோது பெட்டி சப்பையாகக் கிடந்தது. எபியேரே அதை எடுத்து நகத்தால் ஒட்டுப்பட்டையைக் கிளப்பப் பார்த்தாள். அட்டைதான் கிழிந்தது, ஒட்டு அசையவில்லை.

"நசுங்கிப் போச்சு" என்றாள். "ஆனா பிரியலை."

பெட்டியோடு கெஜியின் பக்கம் திரும்பினாள்.

"கேளு பொண்ணே. நான் முதமுதல்ல வித்த பொடியில மணல் கெடந்துச்சு. சல்லடை சரியில்லை, எனக்குத் தெரியலை. வாங்கினவங்க ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லலை. திரும்ப வரலை, அவ்வளவுதான். எதுனாலன்னு தெரிஞ்சுக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு." அவள் சப்பைப் பெட்டியைக் கெஜியின் கையில் வைத்து அழுத்தினாள். "நீ வாசல்லயே நின்னு சொன்ன. உனக்கு நன்றி. மிளகு சூப் மசாலாவுக்கும் பெட்டி நீதான் செய்யற. அதுல வார்னிஷ் எங்க பூசணும்னு உன் தம்பிக்கு இனிமே மறக்காது, இல்லையா தம்பி?"

"செத்தாலும் மறக்காது மேடம்" என்றான் முயிவா.

லாரி திணறிக்கொண்டு தெருமுனையில் திரும்பியபோது பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். கெஜி அவர்களோடு சேர்ந்து ஆடவில்லை. ஒவ்வொருத்தியிடமாகப் போய், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொன்னாள். கடைசியில் இபிரோங்கேயின் முன்னால் மறுபடி மண்டியிட்டாள்.

"எழுந்திரு, முட்டி தேஞ்சிடும். என்னத்தைப் பெரிசாப் பண்ணிட்டேன்?" என்றாள் இபிரோங்கே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பெட்டி செய்யற. நான் பெட்டிக்குள்ள வைக்கறதைச் செய்யறேன். நமக்குள்ள சண்டை போட எதுவும் இல்லையே. உங்கப்பனும் நானும் ஒரு காலண்டருக்காக அடிச்சுக்கிட்டோம். இப்ப அந்த சர்ச்சே காலண்டரைப் போன்ல அனுப்புது" என்றாள்.

கம்பியை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருக்கட்டும், நாளைக்கும் கரண்டை எடுப்பார்கள்.

வெயில் சாய்ந்திருந்தது. கூடத்தில் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். முயிவா பெருக்கினான். சுன்மோலா விரல்களில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். கெஜி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் உங்க அத்தை வீட்ல இல்லை" என்றார் அவர்.

"தெரியும்ப்பா. காலையில போன் பண்ணிக் கேட்டாலும் 'தூங்கறான்'னாங்க, மத்தியானம் கேட்டாலும் 'தூங்கறான்'னாங்க. அத்தைக்குப் பொய் சொல்ல வராது."

பெருக்கும் சத்தம் நின்றது.

"மெஷின் ஏறின லாரியில நானும் ஏறிட்டேன்" என்றார். "இறக்கறப்ப எவனாவது கீழ போட்டுடுவான்னு பயம். அபேயோகுட்டாவுல கொண்டுபோய் இறக்கி வச்சேன். ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, ஓட்டிக் காட்டினேன். மறுநாளும் வரச் சொன்னாங்க. அங்க பள்ளிக்கூடப் புத்தகம் அடிக்கறாங்க கெஜி. வெளிநாட்டுலேருந்து வந்துக்கிட்டு இருந்த புத்தகமெல்லாம் வாங்க முடியாத விலைக்குப் போயிடுச்சு, இப்ப இங்கேயே அடிக்கறாங்க. காலையில ஓட ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் மெஷின் நிக்கறதில்லை. சம்பளம் குடுக்கறாங்க. எனக்கு, இந்த வயசுல. காலையில போறேன், 'வாங்க பாபா'ங்கறாங்க."

"அப்புறம் ஏம்ப்பா போன் எடுக்கலை?" கெஜி கேட்டாள். "நான் உங்களைத் தொரத்திட்டேன்னு தெனமும் செத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னன்னு சொல்லி எடுக்கறது?" அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "கோவிச்சுக்கிட்டுப் போனவன். போன எடத்துல சந்தோஷமா இருக்கேன்னு எப்படிம்மா சொல்றது? வெக்கமா இருந்துச்சு. எதுத்த கடைக்காரி ஒருத்தி தொணதொணன்னு கூப்பிட்டா. அவகிட்ட மட்டும்தான் பேசினேன். உன்னைப் பத்தி வாராவாரம் சொன்னா. இன்னிக்குக் காலையில 'உன் மக தனியா நிக்கறா, கிளம்பி வாய்யா'ன்னு கத்தினா. வந்துட்டேன்."

கெஜி வாசல் வழியாக எதிர்க்கடையைப் பார்த்தாள். இபிரோங்கே கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இங்க அந்த மெஷின் துணியைப் போத்திக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார் சுன்மோலா. "பக்கத்துல நாற்காலியைப் போட்டு நானும் கெடந்தேன். நீ விக்காம இருந்திருந்தா ரெண்டு பேரும் இங்கேயே துருப்பிடிச்சிருப்போம். உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். வழி பூரா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன், ஒண்ணும் அமையலை."

பிறகு அவர் கையை அவள் தலைமீது வைத்தார்.

"அஜோகே" என்றார்.

எங்கள் வீடுகளில் பெண் பிறந்தால் கூப்பிடும் பேரோடு கொஞ்சும் பேர் ஒன்றும் வைப்பார்கள். அதைத் தினமும் சொல்ல மாட்டார்கள். நெஞ்சு நிறைந்தால்தான் அது வாயில் வரும். அஜோகே என்றால், எல்லோரும் கூடிச் சீராட்ட வேண்டியவள். அம்மாவோடு போய்விட்டது என்று கெஜி நினைத்திருந்த பேர். அவள் அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவளுக்காக வேண்டிக்கொண்டே போனார். கை பட்டதெல்லாம் விளங்கட்டும், வாசலில் ஆள் குறையாமல் இருக்கட்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து முயிவா, "ஆமென்" என்றான்.

முடிந்ததும் அவன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றான். "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியும்டா. கையில மருந்து போடு முதல்ல."

மூவரும் சிரித்தார்கள். வெகுநாளைக்கப்புறம் அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது ஆணியில் மாட்டியிருந்த பைக்குள் போன் அடித்தது. சுன்மோலா எழப் பார்த்தார். இத்தனை நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் முட்டி நிமிர மறுத்தது.

"இருங்கப்பா, நான் எடுக்கறேன்." கெஜி பையிலிருந்து போனை எடுத்தாள். அபேயோகுட்டா அச்சகத்திலிருந்து வேலைக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்பார்களாயிருக்கும். நாமே பேசி நன்றி சொல்வோம் என்று பச்சைப் பொத்தானைத் தள்ளிக் காதில் வைத்தாள்.

"கெஜி, வேணாம், குடு இப்படி..." என்று அப்பா அவசரமாகக் கையை நீட்டினார்.

அதற்குள் மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல், மிகவும் பழகிய உரிமையோடு ஆரம்பித்துவிட்டது.

"சாப்பிட்டீங்களா? நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களான்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? உங்க மக என்ன சொன்னா? நம்ம விஷயத்துக்குச் சரின்னு சொல்லிட்டாளா?"

கெஜி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஷோமோலுவில் யாருக்கும் தலை குனியாத சுன்மோலா, தன் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பசையைக் குனிந்து மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். முயிவாவின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

"அம்மா, நான் அவரோட மக கெஜிதான் பேசறேன்" என்றாள் அவள் மெதுவாக. "நான் எதுக்குச் சரி சொல்லணும்னு அவர் இன்னும் எங்கிட்ட சொல்லலை. நீங்களே சொல்லுங்க."